பட்டம் கைக்கு வருமுன்: கல்லூரி மாணவர்களின் வேலைவழிக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் வேலைவழிகாட்டல் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். குளிர்கால விடுமுறை தொடங்கியதிலிருந்து செட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெர்பேங்க், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் முதலிய ஊர்களிலிருந்து மாணவர்களும் பெற்றோர்களும் பிறரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த துறைகளுக்கு விரிவாகவும், தெரியாதவற்றுக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லியும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (செட்ஸ்வொர்த், பி.காம். முதலாம் ஆண்டு மாணவி): ஆன்டி, எனக்குச் சி.ஏ. ஆக வேண்டும் என்று ஆசை. இப்போதே வேலையைப் பற்றி யோசிக்க வேண்டுமா? "முதலில் பட்டத்தை முடி, பிறகு பார்க்கலாம்" என்கிறார் என் பெரியப்பா.

பதில்: உன் பெரியப்பா அக்கறையோடுதான் சொல்கிறார், மகளே. நானும் பணியில் சேர்ந்த புதிதில் மாணவர்களிடம் அதையே சொல்லிவந்தேன். பட்டமளிப்பு விழா முடிந்த மறுமாதம், அங்கியோடு எடுத்த புகைப்படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, "இனி என்ன செய்வது?" என்று என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

நம் நாட்டில் பல தொழில்களில் பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே இன்னொரு படி இருக்கிறது. மருத்துவருக்கு இரண்டு ஆண்டு இன்டர்ன்ஷிப்பும் ஓராண்டு சமூகப் பணியும், வழக்கறிஞருக்கு ஒரு நிறுவனத்தில் ஆர்டிக்கிள்ஸ் என்ற இரண்டு ஆண்டுப் பணிப்பயிற்சியும், சி.ஏ.வுக்கு மூன்று ஆண்டு ஆர்டிக்கிள்ஸும் உண்டு. மருத்துவருக்கான இடத்தை அரசு ஒதுக்குகிறது. மற்ற இருவரும் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும், அந்தத் தேடல் பட்டம் வாங்கிய பிறகு தொடங்குவதும் இல்லை. கணக்கியல் நிறுவனங்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிலிருந்தே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகின்றன. அப்போது அவர்கள் கையில் இருப்பது உன் முதலாம் ஆண்டு மதிப்பெண் பட்டியல்தான். ஆகவே, நீ "இன்னும் தொடங்கவில்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கும் இந்த ஆண்டை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொன்றை இந்த வாரமே சரிபார்த்துவிடு. எல்லா பி.காம். பட்டமும் சி.ஏ. வழிக்குச் செல்வதில்லை. சி.ஏ.க்களின் தொழில் அமைப்பான சைக்கா அங்கீகரித்த கணக்கியல் பட்டம் மூன்று ஆண்டு, அதன்பின் பட்டப்பின் பட்டயம் ஓராண்டு, பிறகு ஆர்டிக்கிள்ஸ் மூன்று ஆண்டு, இவற்றோடு இரண்டு தகுதித் தேர்வுகள் என்பதே வழக்கமான பாதை. பொது பி.காம். படித்தவர் அந்தப் பட்டயத்துக்குள் நுழைய இடையில் இணைப்புப் பாடங்கள் படிக்க வேண்டிவரும். மூன்றாம் ஆண்டின் இறுதியில் இதைத் தெரிந்துகொண்டு அழுதவர்கள் உண்டு. முதலாம் ஆண்டில் தெரிந்தால், துறை அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்துப் பாடங்களை மாற்றிக்கொள்ள வழி இருக்கும்.

கேள்வி (மெர்பேங்க், ஒரு தந்தை): அம்மா, நான் முப்பது ஆண்டுகள் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்தேன். மகன் கெமிக்கல் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நாளைக்கு அவனும் ஆலைக்குள் போய்விடுவான் என்று நம்பியிருந்தேன். இப்போது என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் தென் டர்பனில் இது உங்கள் வீட்டுக் கேள்வி மட்டும் அன்று. வென்ட்வொர்த்தில் இருந்த எஞ்ஜென் எண்ணெய் ஆலை 2020 டிசம்பரில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு சுத்திகரிப்பைத் தொடரவில்லை. அதை எரிபொருள் சேமிப்பு முனையமாக மாற்ற முடிவு செய்தார்கள். சாப்ரெஃப் ஆலை 2022ல் நின்றுபோனது. மெர்பேங்க், இசிப்பிங்கோ பிள்ளைகளுக்கு இரண்டு தலைமுறையாக விடுமுறைப் பணியும் இன்-சர்வீஸ் என்ற பணிப்பயிற்சியும் கொடுத்துவந்த இரண்டு வாசல்களும் இரண்டே ஆண்டுகளில் அடைபட்டன.

ஆனால் உங்கள் மகன் படிப்பது எண்ணெயைப் பற்றி மட்டும் அல்ல. வெப்பம், அழுத்தம், ஓட்டம், பிரித்தெடுத்தல் ஆகியவற்றைத்தான் படிக்கிறான். அதே அறிவு சர்க்கரை ஆலைக்கு வேண்டும், காகித ஆலைக்கு வேண்டும், குடிநீர் சுத்திகரிப்புக்கு வேண்டும், பெயின்ட், சோப்பு, மது வடிப்பு ஆலைகளுக்கும் வேண்டும். வடக்கே ம்புமலாங்கா மாகாணத்தில் செக்குண்டா எரிபொருள் ஆலையும் இருக்கிறது. உங்கள் தெருவிலிருந்து புகைக்கூண்டு தெரியும் தொலைவிலேயே காகித ஆலை இருப்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. உங்களோடு வேலை செய்த நண்பர்கள் ஆலை நின்ற பிறகு எங்கே போனார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். யார் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில், என்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்று எழுதி மகனிடம் கொடுங்கள். எந்த வழிகாட்டல் அலுவலகத்திலும் கிடைக்காத பட்டியல் அது. அடுத்த டிசம்பர் விடுமுறைக்கு அவர்களில் ஐந்து பேருக்காவது அவனே எழுதட்டும். நீங்கள் அவனுக்காகப் பேச வேண்டாம், அறிமுகம் செய்து வைத்தால் போதும்.

கேள்வி (பீனிக்ஸ், டிப்ளமா மாணவர்): அக்கா, பாடங்கள் எல்லாம் இந்த ஆண்டு முடிந்துவிடும். இன்-சர்வீஸ் இடம் இன்னும் கிடைக்கவில்லை. கல்லூரியே இடம் கொடுத்துவிடும் அல்லவா?

பதில்: கொடுத்துவிடும் என்று நம்பி உட்காராதே, தம்பி. ஒருங்கிணைப்பாளர் உதவுவார், நிறுவனங்களின் பட்டியல் தருவார். ஆனால் இடம் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழுகிறது. பணிப்பயிற்சியைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கும் டிப்ளமாவில், எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தாலும் அந்தப் பயிற்சி முடியாமல் சான்றிதழ் வராது. டி.வெட் எனப்படும் தொழிற்கல்விக் கல்லூரியில் வணிகப் பிரிவில் என்.6 நிலை முடித்தவர்களுக்கும் இதே நிலைதான். பதினெட்டு மாத நடைமுறை அனுபவத்தைக் காட்டினால்தான் தேசிய ‘என்’ டிப்ளமா கைக்கு வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் கடைசித் தாளில் எழுபத்தெட்டு வாங்கிவிட்டு, பயிற்சி இடம் கிடைக்காமல் இரண்டு ஆண்டு வீட்டிலேயே இருந்தான். மூன்றாம் ஆண்டில் அவனுக்கு இடம் கொடுத்தது ஜேக்கப்ஸில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய லேத் பட்டறை. அவன் அதுவரை விண்ணப்பித்ததெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கே. ஜேக்கப்ஸ், மோபெனி, பைன்டவுன், பீனிக்ஸ் தொழிற்பேட்டைகளில் பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத பட்டறைகள் ஏராளம். நேரில் போ. அவர்கள் கையெழுத்திட வேண்டிய பதிவேட்டை முன்கூட்டியே அச்சிட்டு எடுத்துக்கொண்டு போ. அந்தப் பட்டறையின் பயிற்சி ஏற்றுக்கொள்ளப்படுமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்ட பிறகே தொடங்கு.

ஓட்டுநர் உரிமத்தையும் இப்போதே எடுத்துவிடு. பதினேழு வயதில் லேர்னர்ஸ் எழுதலாம், பதினெட்டில் கார் ஓட்டுவதற்கான கோட் 8 எடுக்கலாம். காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் பீனிக்ஸிலிருந்து ப்ராஸ்பெக்டன் போய்ச் சேர மினிபஸ் டாக்ஸியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது முதலாளிக்கும் தெரியும்.

கேள்வி (செட்ஸ்வொர்த், இறுதியாண்டு மாணவி): இதுவரை எதுவும் செய்யவில்லை. தாமதமாகிவிட்டதா?

பதில்: தாமதம்தான், ஆனால் கதவு மூடிவிடவில்லை. பெரிய நிறுவனங்களின் பட்டதாரித் திட்டங்கள் பெரும்பாலும் ஆண்டின் முற்பாதியில் திறந்து ஆகஸ்ட், செப்டம்பருக்குள் மூடிவிடும். ஆகவே இன்றிரவே விண்ணப்பிக்கத் தொடங்கு.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி): உளவியல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பட்டம் முடிந்ததும் உளவியலாளராகப் பணிபுரியலாமா?

பதில்: முடியாது. இதை யாரும் முதலாம் ஆண்டில் தெளிவாகச் சொல்லாதது எனக்கு நெடுநாள் வருத்தம். உளவியலாளர் என்ற பெயரோடு நம் நாட்டில் பணிபுரிய மருத்துவ, உளவியல் தொழில்களுக்கான பதிவு அமைப்பான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு பட்டம், ஓராண்டு ஆனர்ஸ், பிறகு முதுகலை, பிறகு ஓராண்டு இன்டர்ன்ஷிப் வேண்டும். கிளினிக்கல் பிரிவானால் அதற்குமேல் ஓராண்டு சமூகப் பணியும் உண்டு. நெருக்கடி இருப்பது முதுகலையில். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு சிறு குழுவை மட்டுமே எடுக்கும். நேர்காணலுக்குப் போனால், நீ இதுவரை யாரோடு உட்கார்ந்து, எந்தத் துன்பத்தை நேரில் பார்த்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அதற்கான பதிலை ஆனர்ஸ் ஆண்டில் திடீரென உண்டாக்க முடியாது. இரண்டாம் ஆண்டிலேயே லைஃப்லைன் போன்ற ஆலோசனைத் தொலைபேசிச் சேவையிலோ, முதியோர் இல்லத்திலோ, குழந்தைகள் காப்பகத்திலோ வாரத்துக்கு மூன்று மணி நேரம் தன்னார்வப் பணி தொடங்கினால், விண்ணப்பிக்கும் நேரத்தில் இரண்டு ஆண்டு அனுபவம் இருக்கும்.

பக்கத்திலேயே வேறு வழிகளும் உண்டு. நான்கு ஆண்டு பி.சைக். அல்லது அதற்கு இணையான ஆனர்ஸ் படித்து, 720 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் வாரியத் தேர்வும் முடித்தால் பதிவு பெற்ற ஆலோசகராகலாம். நான்கு ஆண்டு சமூகப்பணிப் பட்டம் நேராகவே ஒரு தொழிலுக்குக் கொண்டுசெல்லும். ஆசிரியப் பணியில் விருப்பம் இருந்தால், பள்ளிப் பாடம் ஒன்றும் உன் பட்டத்தில் சேர்ந்திருந்தால், பி.ஜி.சி.இ. என்ற ஓராண்டு ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் போதும். முதுகலை இடம் ஒன்றையே நம்பாமல், இவற்றில் ஒன்றுக்கும் தகுதி வரும்படி இந்த ஆண்டே பாடங்களைத் தேர்ந்தெடு.

கேள்வி (டொங்காட், ஒரு தாய்): மகளுக்கு லேர்னர்ஷிப் கிடைத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பதிவுக் கட்டணம் 850 ராண்ட் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. வேலை தேடுபவரிடம் வேலை வாங்கித் தருவதற்குக் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடுக்கிறது. வேலையிலிருந்தபடியே கற்கும் பயிற்சியான லேர்னர்ஷிப்பில் கற்பவருக்குத்தான் மாதப்படி கொடுப்பார்கள், கற்பவர் கொடுப்பதில்லை. அதற்கான பணம், முதலாளிகள் சம்பளத் தொகையில் நூற்றுக்கு ஒன்று என்று செலுத்தும் திறன் மேம்பாட்டு வரியிலிருந்து வருகிறது. சீருடைக்கு, மருத்துவப் பரிசோதனைக்கு, கோப்பு திறப்பதற்கு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் ஒன்றே. மகளின் அடையாள அட்டைப் படத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி (செட்ஸ்வொர்த், இரண்டாம் ஆண்டு மாணவி): என் சி.வி.யை இணைத்திருக்கிறேன், ஆன்டி. எழுத ஒன்றுமே இல்லை. சனிக்கிழமைகளில் மாமாவின் ஹார்டுவேர் கடையில் இருப்பேன், கேஷ்-அப் நான்தான் செய்வேன். ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் திருவிழாவில் அன்னதானப் பந்தலில் நிற்பேன். அவ்வளவுதான்.

பதில்: உன் சி.வி. ஒன்றரைப் பக்கம். மேலே "கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவோடு பழகுபவள்" என்று மூன்று வரி. அடியில் "வேலை அனுபவம்: இல்லை" என்று ஒரு வரி. சி.வி.யில் இருக்க வேண்டியதை எல்லாம் எனக்கு எழுதிய கடிதத்தில் எழுதிவிட்டாய்.

மாலை ஐந்து மணிக்குக் கடை ஷட்டரை இறக்கிய பிறகு நீ என்ன செய்கிறாய் என்று நினைத்துப் பார். டில்லில் உள்ள நோட்டுகளைப் பிரித்து எண்ணுகிறாய், காலையில் வைத்த சில்லறையைக் கழிக்கிறாய், கார்டு ஸ்லிப்புகளைக் கூட்டுகிறாய், இயந்திரம் அச்சிட்ட மொத்தத்தோடு ஒத்துப்பார்க்கிறாய், நாற்பது ராண்ட் குறைந்தால் யாருக்குத் தவறாகச் சில்லறை போயிற்று என்று தேடுகிறாய். அந்த மூன்று பொதுவரிகளை நீக்கிவிட்டு இதை எழுது: எந்த ஆண்டிலிருந்து, வாரத்தில் எத்தனை மணி நேரம், எவ்வளவு பணத்துக்குப் பொறுப்பு என்று எண்ணோடு எழுது. அன்னதானப் பந்தலையும் அப்படியே எழுது. எத்தனை பேருக்குப் பரிமாறினீர்கள், அரிசி தீரும் நிலையில் யார் முடிவெடுத்தார், வரிசையை எப்படிப் பிரித்தீர்கள் என்று எழுது. மாமாவின் பெயரைப் பரிந்துரையாளராகப் போட்டால் உறவு என்பதை மறைக்காதே.

கேள்வி (டொங்காட், ஓய்வுபெற்ற ஆசிரியர்): அம்மையாரே, கடையில் நின்றதையும் கோயிலில் பரிமாறியதையும் தகுதி என்று எழுதச் சொல்வது கல்வியை மலிவாக்குவதாகும். டர்பனில் இந்தியர்களுக்கான உயர்நிலைப் பள்ளியான சாஸ்திரி கல்லூரியில் படித்த எங்கள் தலைமுறை மதிப்பெண்களால் மட்டுமே முன்னேறியது.

பதில்: ஐயா, உங்கள் தலைமுறை பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1929ல் சாஸ்திரி கல்லூரி திறந்தபோது நம் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி கிடைப்பதே அரிதாக இருந்தது. உங்கள் காலம் வரையில் மேட்ரிக் சான்றிதழ் வைத்திருந்தவரே ஊரில் சிலர்தான், அந்தச் சிலருக்குள் ஆசிரியப் பணி போன்ற சில வேலைகளே சட்டத்தாலும் வழக்கத்தாலும் திறந்திருந்தன. இன்றைய நிலை வேறு. 2024ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் பதினைந்து முதல் முப்பத்துநான்கு வயது வரை உள்ளவர்களில் வேலையின்மை 45.5 விழுக்காடு என்று நாட்டின் புள்ளிவிவரத் துறை அறிவித்தது. பட்டதாரிகளின் நிலை அதைவிட மேலானது என்பதால் படிப்பின் மதிப்பு குறையவில்லை. ஆனால் ஒரே மதிப்பெண்ணோடு ஒரு வேலைக்குப் பலர் நிற்கும்போது, பொறுப்பை ஏற்றுப் பழகியவர் யார் என்று முதலாளி பார்க்கிறார்.

கேள்வி (பீனிக்ஸ், இரண்டாம் ஆண்டு மாணவர்): ஆசிரியர் ஐயா சொல்வது தவறு. நான் மாலில் வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் வேலை செய்கிறேன், பாடத்தைவிட அங்கேதான் அதிகம் கற்றேன். ஜூன் தேர்வில் இரண்டு பாடங்கள் மட்டும் போய்விட்டன.

பதில்: தம்பி, நீ ஐயாவை மறுக்க எழுதினாய், ஆனால் உன் கடைசி வரி அவர் பக்கம் பேசுகிறது. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு நிதியுதவியில் படிப்பவரானால், படிப்பின் குறைந்தபட்ச ஆண்டுகளோடு இன்னும் ஓராண்டு என்பதே வரம்பு. இரண்டு பாடங்களில் தோற்றதால் ஓர் ஆண்டு நீண்டுவிட்டால், அந்தச் சலுகை ஆண்டு அதோடு முடிந்துவிடும். வார இறுதி ஒரு நாள் வேலை அனுபவம் தரும். இருபத்தைந்து மணி நேரம் படிப்பைத் தின்றுவிடும். வீட்டுக்கு அந்தப் பணம் உண்மையிலேயே தேவையானால், மாணவர் நிதியுதவி அலுவலகத்தில் போய் நிலைமையைச் சொல், வெட்கப்படாதே. தேவை இல்லையானால் இந்த மாதமே மணி நேரத்தைக் குறைத்துக்கொள்.

கேள்வி (உம்லாங்கா, ஆள்சேர்ப்புப் பணியில் இருப்பவர்): நான் தினமும் சி.வி.க்களைப் பிரிப்பவன். முதலில் மதிப்பெண்ணால் ஒரு கோடு போடுகிறோம். கோட்டுக்கு மேலே வந்தவர்களில் ஏதாவது வேலை செய்தவரையே நேர்காணலுக்கு அழைக்கிறோம், அது கடை வேலையாக இருந்தாலும் சரி.

பதில்: நன்றி ஐயா. நான் பல பத்திகளில் சொல்ல முயன்றதை நீங்கள் மூன்று வரிகளில் சொல்லிவிட்டீர்கள்.

கேள்வி (டொங்காட், ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஆக, முதலில் மதிப்பெண் என்று நான் சொன்னதே சரி.

பதில்: முதலில் மதிப்பெண் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை ஐயா. மதிப்பெண் மட்டும் போதும் என்பதில்தான் வேறுபாடு. இந்த விவாதம் இத்தனை கேள்விகளின் இடத்தை எடுத்துக்கொண்டது பயனுள்ளதே. ஆனாலும் காத்திருப்பவர்கள் இருப்பதால் இதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி (இசிப்பிங்கோ, இறுதியாண்டு மாணவர்): நான் இறுதியாண்டு, இன்னும் எதுவும் செய்யவில்லை, என்ன செய்வது?

பதில்: இதே கேள்வி ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது. மேலே செட்ஸ்வொர்த் இறுதியாண்டு மாணவிக்குச் சொன்னதையே படியுங்கள். அதோடு சேர்த்து, அரசின் எஸ்.ஏ. யூத் என்ற இளைஞர் வேலைவாய்ப்புத் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யுங்கள். பன்னிரண்டு மாதப் பணி அனுபவம் தரும் ஒய்.இ.எஸ். திட்ட இடங்களையும் தேடுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், மாணவர்): படிப்பு முடிந்ததும் கனடா போக விசா பெறுவது எப்படி?

பதில்: குடியேற்றம் என் துறை அன்று. அந்த நாட்டு அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தை மட்டும் நம்புங்கள். முகவர் முன்பணம் கேட்டால் டொங்காட் தாய்க்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி (வெருலம், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி): உயிரியல் படிப்பவர்களுக்கு ஆசிரியப் பணியைத் தவிர இங்கே வேறு என்ன இருக்கிறது?

பதில்: உன் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், மவுண்ட் எட்ஜ்கம்பில், 1925ல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் வெட்டிய அதே பயிரின் நோய்களையும் பூச்சிகளையும் ரகங்களையும் அங்கே ஆராய்கிறார்கள். டர்பன் கடற்கரையில் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. குடிநீர்த் துறையிலும் வனவிலங்குத் துறையிலும் ஆய்வகங்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஆனர்ஸ் படித்தவரை விரும்புகின்றன. தொழில்முறை இயற்கை அறிவியலாளராகச் சாக்னாஸ்ப் அமைப்பில் பதிவு செய்வதற்கும் நான்கு ஆண்டுப் படிப்பு வேண்டும். ஆனர்ஸ் வழிகாட்டியாக யார் வருவார் என்பதை இரண்டாம் ஆண்டின் செய்முறை வகுப்பிலேயே நீ தீர்மானிக்கத் தொடங்கலாம். வகுப்பு முடிந்த பின் ஐந்து நிமிடம் நின்று, அவர் இப்போது எதை ஆராய்கிறார் என்று கேள். அந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவர்கள் மிகக் குறைவு என்பதால், கேட்டவர் பெயரை ஆசிரியர்கள் மறப்பதில்லை.

கேள்வி (செட்ஸ்வொர்த், ஒரு தந்தை): வேலை உறுதி என்று சொல்லிப் பயிற்சிக்கு 3,000 ராண்ட் கேட்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள் ஐயா. வேலை உறுதி என்று எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், தர மாட்டார்கள். அவர்கள் நடத்துவது படிப்புதான் என்றால், அது பதிவு பெற்ற தகுதியா என்று நாட்டின் கல்வித் தகுதிகளைப் பதிவு செய்யும் சாக்கா அமைப்பின் தளத்திலும், கல்லூரி பதிவு பெற்றதா என்று உயர்கல்வித் துறையின் பட்டியலிலும் பாருங்கள்.

கேள்வி (மெர்பேங்க், முதலாம் ஆண்டு மாணவர்): விடுமுறை முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்த ஒன்பது நாளில் ஒரே ஒரு காரியம் செய்வதென்றால் எதைச் செய்வது, அக்கா?

பதில்: நீ போக விரும்பும் வேலையில் இப்போது இருக்கும் ஒருவரை, முப்பது வயதுக்கு உட்பட்டவராகப் பார்த்து, நேரில் சந்தித்துவிடு. மூத்தவர்கள் தாங்கள் நுழைந்த வாசலைச் சொல்வார்கள், அது இப்போது இருக்கிறதோ இல்லையோ. அண்மையில் நுழைந்தவர் இன்று திறந்திருக்கும் வாசலைச் சொல்வார். உன் அண்ணனின் நண்பர்களிலோ, கோயில் குழுவிலோ, தமிழ் வகுப்பு நடத்தும் அக்காமார்களிலோ ஒருவராவது இருப்பார். அவரிடம் வேலை கேட்காதே. முதலாம் ஆண்டில் எந்தப் பாடத்தை எடுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறார், பயிற்சி இடம் எந்த மாதத்தில் தேடத் தொடங்கினார், எத்தனை இடத்தில் மறுத்தார்கள், கடைசியில் யார் மூலமாகக் கிடைத்தது என்ற நான்கையும் கேள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன மாதத்தை உன் நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதற்கு மூன்று மாதம் முன்னால் இன்னொரு குறி போட்டு வை.